நச்சுக்கொடி ஸ்லைட் செட் – காசுக்கு பெறுமதியா?

திருகோணமலை கோணேசபுரியில படிக்கிற பிள்ளையள் இந்த நச்சுக்கொடி (பிளசென்டா) ஸ்லைட் செட்டை வாங்கலாமோ எண்டு கேட்டபடியா எழுதுறன். ஒன்லைன்ல எடுத்த ஹிஸ்டாலஜி (இழையங்களை மைக்ரஸ்கோப்பில பாத்துப் படிக்கிற பாடம்) ஸ்லைட் செட் இது, ட்ரிங்கோவுக்கு கூரியர்ல வர கொஞ்சம் இழுத்துது, பெட்டி நல்ல பெட்டிதான், ஆனா ஒரு ஸ்லைட்ல கவர்ஸ்லிப்புக்குள்ள (மேல மூடுற மெல்லிய கண்ணாடி) காத்துக்குமிழ் கிடக்கு.

முதல் மூண்டு மாச பிளசென்டா ஸ்லைட்தான் இந்த செட்டிலயே திறம். வில்லஸ் (பிளசென்டாவில விரல் மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கிற பகுதி) ஒவ்வொண்டும் பெருசு, சுத்தி ரெண்டு படை தெளிவாத் தெரியும், உள்படை சைட்டோட்ரோஃபோபிளாஸ்ட், வெளிப்படை சின்சிஷியோட்ரோஃபோபிளாஸ்ட், வெளிப்படையில செல்லுக்கு செல் எல்லையே இல்ல, கலங்கள் ஒண்டாச் சேந்து கருக்கள் மட்டும் வரிசையா கிடக்கும், நாற்பது மடங்கு லென்ஸில பாத்தா பிள்ளையின்ட சிவப்பணுவிலயும் கரு தெரியுது, வளந்த ஆக்களின்ட ரத்தத்தில அப்பிடி வராதெல்லோ. வில்லஸின்ட நடுவில உருண்டையா நிக்கிறது ஹொஃப்பவர் செல், மேக்ரோஃபேஜ் (கிருமி, கழிவுகளை விழுங்கிற செல்) வகை, தேடித்தான் பிடிக்கோணும்.

நிறைமாச ஸ்லைட் பரவால்ல ரகம். வில்லஸ் சின்னனாகி நெருங்கிக் கிடக்கு, உள்படை அங்கங்கதான் மிச்சம், கேபிலரி (மெல்லிய ரத்தக்குழாய்) ஓரத்தோட ஒட்டி நிக்குது, அதாலதான் தாயின்ட ரத்தத்துக்கும் பிள்ளையின்ட ரத்தத்துக்கும் இடைத்தூரம் குறைஞ்சு ஒக்சிஜன் லேசா கடக்குது (ரெண்டு ரத்தமும் சாதாரணமா கலக்காது, இதை வைவாவில, அதாவது வாய்மொழிச் சோதினையில, கட்டாயம் கேப்பினம்). கருக்கள் கும்பலா சேந்த சின்சிஷியல் நொட்டும் வடிவா இருக்கு. ஆனா இயோசின் (ரோஸ் நிறச் சாயம்) கூடிப்போய் ஃபைப்ரினொயிடும் (ஃபைப்ரின் மாதிரிப் படியிற பொருள்) ரத்தமும் ஒரே ரோஸ் நிறம், பிரிச்சுப் பாக்க கண் நோகும்.

ரெண்டு பேர் சேந்து வாங்குங்கோ, தனிய எடுத்தா விலை கூட.