கூண்டு நல்ல கூண்டுதான், அந்தக் கொக்கி இருக்கிறதே!

பெரியபட்டினத்துத் தோழி கேட்டாள்: "உன்கிட்ட இருக்கிற அதே ரெண்டு மாடி முயல் கூண்டு, விலை குறைஞ்சிருக்கு. வாங்கட்டுமா?" வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "நீயே நல்லாருக்குன்னு சொன்னியே" என்று மடக்கினாள். நல்லாத்தான் இருக்கிறது. ஆனாலும் வாங்காதே. ஏன் என்று விளக்கத்தான் இது.

நீளம், அகலம், எடை எல்லாம் விற்கிறவர்களே படம் போட்டுக் காட்டுகிறார்கள், அதை விடுங்கள். எனக்குச் சொந்தமாக முயலும் இல்லை, கினி பிக்கும் இல்லை. கீழக்கரையில் பள்ளிக்கூட லீவு விட்டால் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். துபாய்க்கோ சென்னைக்கோ போய்விடுவார்கள். பிள்ளைகள் ஆசையாக வளர்ப்பதெல்லாம் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும். லாத்தா (அக்கா) வீட்டு முயல் ஜோடி, எதிர்வீட்டுப் பையனின் கினி பிக்குகள் எல்லாம் வந்து போகிற விருந்தாளிகள்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிராணிக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வது? அதனால் எனக்குக் கூண்டு என்றால் முதலில் கதவுதான்.

கதவில் இருப்பது விரல் நீளக் கம்பி. நுனி வளைந்திருக்கும். கதவைச் சாத்தினால் தன் கனத்திலேயே இறங்கி, சட்டத்தில் இருக்கும் துளையில் உட்கார வேண்டும். கடையில் உட்காரும். மதுரைப் பக்கம் வாங்கினால் பல வருஷம் உட்காரும். இங்கே கடற்கரையில் கச்சான் காற்று வீச ஆரம்பித்தால் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கையில் உப்பு பிசுபிசுக்கும். பவுடர் கோட்டிங் பார்க்கப் பளபளவென்று இருந்தாலும், கொக்கி ஏறி இறங்கும் இடத்தில் உரசி உரசிப் போய்விடும். அடியில் இருப்பது வெறும் இரும்பு. துரு பொடிப்பொடியாகத் துளையில் சேர்ந்ததும் கொக்கி பாதியிலேயே நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே இருக்கும். எரிச்சலே அதில்தான். உடைந்து தொங்கினாலாவது கண்ணில் படும்.

லாத்தாவின் பெண் முயலுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. முயலுக்குச் சுறுசுறுப்பு வருவதே அந்திப் பொழுதிலும் விடியற்காலையிலும்தான். மஃரிப் நேரம் ஆனதும் கதவுக் கம்பியைப் பல்லால் கவ்வி உலுக்கும். கிணுகிணுவென்று சத்தம். கொக்கி ஒரு நூல் மேலே ஏறும். நிறுத்திக் காதைத் திருப்பும். ஆள் வரவில்லை என்றால் மறுபடி உலுக்கல், இன்னும் ஒரு நூல். சமையல்கட்டிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் கதவு திறந்து, அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒயரைக் கடிக்கப் போயிருந்தது. வீட்டுக்குள் இருந்ததால் பிழைத்தோம். முற்றத்துச் சுவரில் ஒரு தெருப்பூனை தினமும் உட்கார்ந்திருக்கும், பின்பக்கக் கருவேலங்காட்டில் கீரியும் உண்டு.

விற்றவர்களிடம் சொன்னால், தனியாகக் கதவு தர மாட்டார்களாம், எண்ணெய் விடச் சொன்னார்கள். கடற்கரை ஊரில் எண்ணெய் விட்டால் மணல் வந்து ஒட்டும், அது துருவைவிட மோசம். வெல்டிங் பட்டறையில் புதுக் கொக்கி வைத்துத் தந்தார்கள். பற்றவைத்த சூட்டில் சுற்றியிருந்த கோட்டிங்கும் கருகியதால் அடுத்த மழைக்குள் அந்த இடம் முழுக்கத் துருப்பிடித்துவிட்டது. கடைசியில் வழி சொன்னது மச்சான்தான். படகுச் சாமான் கடையில் கயிறு மாட்ட எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கொக்கி விற்பார்கள், ஸ்பிரிங் வைத்தது. அதில் 316 ரகம் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண 304 ரகத்தைவிட அது கடல் உப்புக்குத் தாங்கும், மாலிப்டினம் சேர்ந்திருப்பதால். கதவையும் சட்டத்தையும் சேர்த்து அதை மாட்டியதிலிருந்து முயல் உலுக்குகிறது, உலுக்கிக்கொண்டே இருக்கிறது, கதவு அசையவில்லை. இத்தனை ஆயிரம் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சின்னச் சாமானைப் போட்டுத் தர மனசு வரவில்லையே என்பதுதான் ஆற்றாமை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்தக் கூண்டில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சுகம் அதன் சக்கரம். நைலான் சக்கரம், துருப் பேச்சே இல்லை. முயலுக்கு வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளத் தெரியாது, காது வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். 30 டிகிரி தாண்டினாலே முயலுக்கும் கினி பிக்குக்கும் ஆபத்து ஆரம்பம். நம் ஊரில் சித்திரை மாதம் அதைக் காலையிலேயே தாண்டிவிடும். மரக்கூண்டாக இருந்தால் ஒரு மூலையில் வைத்து வேக விட வேண்டியதுதான். இதை வெயில் நகர நகர உருட்டிக்கொண்டு போகலாம். காலையில் முற்றத் தாழ்வாரம், பத்து மணிக்கு மேல் நடு அறையின் சிவப்புத் தரை, கரண்ட் போனால் காற்று வரும் வாசல் பக்கம். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றி உள்ளே வைத்தால் முயல் இரண்டும் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். நாலு பக்கமும் கம்பி என்பதால் காற்று ஊடுருவுகிறது. இடைவெளி நெருக்கம், பெருச்சாளி நுழையாது.

இழுக்கும் தட்டும் நன்று. காலையில் இழுத்தால் இரவு எவ்வளவு புழுக்கை போட்டது என்று தெரிந்துவிடும். அடுத்தவர் முயலைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதைவிட உதவி வேறில்லை. புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ, பன்னிரண்டு மணி நேரம் புல்லில் வாய் வைக்காமல் இருந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, குடல் ஓட்டம் நின்றிருக்கலாம். ராமநாதபுரம் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். கம்பித் தரையில் கால் புண்ணாகாமல் இருக்க மேலே போட பிளாஸ்டிக் விரிப்பும் தருகிறார்கள். நான் அதன்மேல் கோரைப்பாய்த் துண்டு போடுகிறேன். தின்றுவிடும், தின்னட்டும்.

இடம் போதுமா என்றால் போதாது. பிரிட்டனின் முயல் நல அமைப்பு ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் கேட்கிறது. எந்தக் கடைக் கூண்டும் அதன் பக்கத்தில் வராது. ஆகவே இது படுக்க மட்டும். காலையும் மாலையும் ஒயர் இல்லாத அறையில் கதவைச் சாத்தி ஓட விடுகிறேன்.

விளம்பரப் படத்தில் மேல்மாடியில் முயல், கீழ்மாடியில் கினி பிக். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பார்டெடெல்லா என்ற பாக்டீரியாவை முயல் நோயே இல்லாமல் சுமந்துகொண்டிருக்கும், கினி பிக்குக்கு வந்தால் நிமோனியா. ஒன்றாக விட்டால் முயல் விடும் ஓர் உதையே கினி பிக்கின் எலும்பை முறிக்கும். சாப்பாடும் வேறு. முயல் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளும், கினி பிக்குக்குக் கொடுத்தாக வேண்டும். நெல்லிக்காய்த் துண்டும் குடைமிளகாயும் தருகிறேன். மாடிக்கு ஏறும் செங்குத்தான ஏணிப்பலகையும் கினி பிக்கின் குட்டைக் காலுக்கு ஆகாது. எதிர்வீட்டுப் பையனின் கினி பிக்குகளுக்கு முன்னறையில் பழைய மேசையைக் கவிழ்த்துப் போட்டு, நாலு காலையும் சுற்றிக் கம்பி வலை கட்டி, மூலையில் ஓட்டைப் பானையைப் படுக்க வைத்திருக்கிறேன். அறைக் கதவைப் பூட்டினால் பூனை வராது. செலவு வலைக்கு மட்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. நிதானமாகக் கூட்டிப் பார்த்தால் நாலு வரும், எனக்கே தெரியும். ஆனால் இன்று காலை கோட்டிங் உரிந்த கம்பி கிழித்து விரலில் பிளாஸ்திரி போட்டிருக்கிறேன். கட்டு பிரிக்கிறவரை இரண்டுதான். விலை பாதியானாலும் இரண்டுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இரவு படுக்குமுன் கொக்கியை விரலால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். கீழ்மாடிக் கதவிலும் அதே கொக்கிதான், அதுவும் இப்போது பாதியில் நிற்க ஆரம்பித்திருக்கிறது. படகுச் சாமான் கடையில் கேட்டேன். 316 தீர்ந்துவிட்டதாம், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.