மின்தடை பாடம்: பென்சில் கோடா, நிக்ரோம் கம்பியா?

பென்சில் கோட்டுக்குச் செலவே இல்லை. 6பி பென்சிலால் தாளில் 5 மி.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் பலமுறை அழுத்தித் தீட்டி, 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி.யுடன் தொடராக இணைத்தால் போதும். கோட்டின் மேல் வைத்த வயர் முனைகளை நெருக்க நெருக்க வெளிச்சம் கூடும். ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள்; முனைகள் ஒன்றையொன்று தொட்டால் எல்.இ.டி. கருகிவிடும்.

ஆனால் அளக்கப் போனால் சிக்கல். கையின் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதால் கோட்டில் படியும் கிராஃபைட் (பென்சிலில் உள்ள, மின்சாரம் கடத்தும் கரி) படலமும் சீராக இருக்காது. நீளத்தை இரட்டித்தாலும் மின்தடை சரியாக இரட்டிக்காது. முனையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தாலே மல்டிமீட்டர் எண் தாவும். எல்.இ.டி. எரியாவிட்டால் முதலில் அதன் கால்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

நீளம்-மின்தடை வரைபடம் போடும் வகுப்புக்கு நிக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலப்புலோகம்) கம்பிதான். 28 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பி மீட்டருக்குச் சுமார் 10 ஓம். ஒரு மீட்டர் அளவுகோலில் இழுத்து ஒட்டி, 20 செ.மீ.க்கு ஒருமுறை அளந்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். அந்தக் கோடு தொடக்கப்புள்ளி வழியே போகாமல் சற்று மேலே வெட்டினால், அது கிளிப், வயர்களின் தடை. 1.5 வோல்ட் செல்லை இணைத்து அளப்பதானால் 20 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம்: கம்பி சுடும், செல்லும் சீக்கிரம் தீரும். சுவிட்சை அளக்கும் நேரம் மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். நிக்ரோமில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது; திருகு முனையே சரி.

ஆறாம் வகுப்புக்குப் பென்சில், பத்தாம் வகுப்புக்கு நிக்ரோம்.