307-ஐ இறக்கி 454-ஐ ஏற்றிய பட்டறை

மிச்சிகனில் பான்டியாக் ஊருக்கு வெளியே, இரண்டு கார் நிற்கும் அளவுக்கே இடமுள்ள ஒரு பட்டறையில் செவர்லே நிறுவனம் செய்த என் 1970 ஷெவெல் மாலிபு காரில் 307 கன அங்குல என்ஜினை எடுத்துவிட்டு 454 கன அங்குல என்ஜின் வைத்தேன். பட்டறைக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இருக்கிற வேலையே கைகொள்ளவில்லை, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெயர் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். இந்த மாதிரி வேலைக்கு வண்டியைக் கொடுக்கப் போகிறவர்கள் எந்தப் பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

1970 ஷெவெல் என்றதும் எல்லோருக்கும் எஸ்எஸ் 454 என்ற வேகமான மாடல் ஞாபகம் வரும். எல்எஸ்6 என்ஜினுக்கு 450 குதிரைத்திறன் என்று செவர்லே அறிவித்த வண்டி. என்னுடையது அது இல்லை. 307 கன அங்குல வி8, இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் தானியங்கி கியர்பாக்ஸ், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்று யாரோ ஒரு குடும்பம் கடைக்குப் போய்வர வாங்கிய கார். அதனால்தான் கை வைக்கத் துணிந்தேன். அசல் எஸ்எஸ் வண்டியில் தொழிற்சாலை வைத்த என்ஜினை எடுத்தால் வண்டியின் மதிப்பு விழுந்துவிடும். 307 மாலிபுவுக்கு அந்தக் கவலை இல்லை.

இப்படி மாற்றுவது பாவம் என்று நினைக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நடுத்தரக் காரில் பெரிய என்ஜின் வைத்த இந்த வகைக் கார்கள் பிறந்த கதையே அதுதானே என்று அவர்களுக்குச் சொல்வேன். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு வைத்திருந்தது. 1964-இல் அதே நிறுவனத்தின் பான்டியாக் கார் பிரிவின் பொறியாளர்கள் பெரிய காரின் 389 என்ஜினை டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் வைத்து, ஜிடிஓ என்று பெயரிட்டு, தனி மாடலாகக் காட்டாமல் கூடுதல் வசதிப் பட்டியலில் சேர்த்து விற்றார்கள். பிற்பாடு அந்த வரம்பு 400 ஆனது. 1970 மாடல்களுக்கு அதையும் எடுத்துவிட்டார்கள். ஷெவெலுக்குள் 454 வந்தது அப்படித்தான்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். அதற்கு முன் போன மூன்று இடங்களிலும் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். இவர் கேட்டது பிரேக்கைப் பற்றி. சாவியை வாங்கித் தானே ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து வண்டியைத் தூக்கி, கீழே படுத்து அரை மணி நேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் பென்சிலால் வரிசை எழுதிக் கொடுத்தார். முன்பக்கம் டிஸ்க் பிரேக், முன் ஸ்பிரிங், பின் ஆக்சில், ரேடியேட்டர், இதெல்லாம் முடிந்து ஐந்தாவதாக என்ஜின். இந்த வரிசையில் செய்ய இஷ்டமில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம் என்றார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. செவர்லே வி8 என்ஜின்களில் இரண்டு குடும்பம்: 307 சின்ன பிளாக், 454 பெரிய பிளாக். முழுதும் இரும்பில் வார்த்தால் பெரிய பிளாக் சுமார் 50 கிலோ கூடுதல், அந்தப் பாரம் முழுவதும் வண்டியின் மூக்கில் உட்காரும். பழைய ஸ்பிரிங்கோடு விட்டால் முன்பக்கம் தொங்கும், பிரேக் பிடித்தால் இன்னும் குனியும். பின்னால் இருந்த 10 போல்ட் ஆக்சில் 307-க்குப் போதும், இதற்குத் தாங்காது. அதனால் அதைவிட வலுவான 12 போல்ட் ஆக்சில் தேடிப் பிடித்தோம்.

என்ஜின் 1978 பிக்கப் டிரக் ஒன்றிலிருந்து எடுத்த 454. வெறும் பிளாக், கிராங்க், ஹெட் எல்லாம் சேர்த்து 800 டாலர். டிரக்கில் இருந்தபடியே போட்டால் கம்ப்ரஷன் குறைவு, மந்தமாக இருக்கும் என்று பிஸ்டன்களை மாற்றச் சொன்னார். சிலிண்டர்களை ஓவர்சைஸ் 30, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு அகலமாக, போர் செய்ததில் அளவு 460 கன அங்குலம் ஆனது. எட்டு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிய கணக்கை என்னிடம் காட்டினார். கேட்காமலே காட்டினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவதில் செவர்லே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. சின்ன பிளாக்குக்கும் பெரிய பிளாக்குக்கும் பின்னால் கியர்பாக்ஸ் சேரும் போல்ட் அமைப்பு ஒன்றே. பவர்கிளைட்டை அப்படியே மாட்டியிருக்கலாம், ஆனால் இரண்டு கியரோடு இந்த என்ஜினைக் கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை. டர்போ 400 என்ற கியர்பாக்ஸை வாங்கினோம். அதற்கு டிரைவ் ஷாஃப்டில் கியர்பாக்ஸோடு சேரும் முன் யோக் மாற வேண்டும், பவர்கிளைட்டில் 27 பல், இதில் 32. சேஸிஸில் என்ஜின் உட்காரும் தாங்கிகளையும் பெரிய பிளாக்குக்கு உரியதாக மாற்றினார்.

இனி, நடந்த ஒரே தவறு. முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் நாள் என்னையும் வரச் சொன்னார். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் புதிது, அது தள்ளும் லிஃப்டர்கள் ரோலர் இல்லாத தட்டை வகை. இப்படிப்பட்ட கேமை முதல் இருபது முப்பது நிமிடம் ஐடிலில் விடக் கூடாது, 2,000 ஆர்பிஎம் சுற்றளவில் ஓட வேண்டும். கிராங்க் தெறிக்கும் ஆயில்தான் கேமை நனைக்கிறது. மெதுவாகச் சுற்றினால் போதிய ஆயில் போகாமல் கேமின் லோப், அதாவது லிஃப்டரைத் தள்ளும் புடைப்பு, தேய்ந்துவிடும். துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊற்றியிருந்தார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை நெஞ்சுக்கூட்டில் உணர்ந்தேன். ஆனால் 1,500-ஐத் தாண்டியதும் வண்டி முழுக்க உதறியது. ஃபெண்டர் மேல் வைத்திருந்த டார்ச் விளக்கு நகர்ந்து கீழே விழுந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அணைத்துவிட்டார்.

அவருக்கு உடனே பொறி தட்டியது. 454-இன் கிராங்க் உள்ளுக்குள்ளேயே சமன் ஆவதில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் நான்கு அங்குல ஸ்ட்ரோக்குக்கு எதிர்ப்பாரம் கிராங்கில் போதாமல், மீதியை முன்னால் பேலன்சரிலும் பின்னால் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃபிளெக்ஸ்பிளேட் என்ற தகட்டிலும் வைத்திருக்கிறார்கள். மற்ற பெரிய பிளாக்குகளான 396-க்கும் 427-க்கும் அப்படி இல்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், ஃபிளெக்ஸ்பிளேட்டில் அந்த எடை வில்லை இல்லை. உதிரிபாகக் கடையிலிருந்து வந்த பெட்டியில் 454-க்கான எண்தான் இருந்தது, உள்ளே இருந்தது வேறு. பெட்டியைப் படித்தேன், பொருளைப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்று அவரே சொன்னார். இன்டேக்கைக் கழற்றி, பதினாறு லிஃப்டர்களின் அடிப்பாகத்தையும் கேம் லோப்களையும் டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி உராய்வைக் குறைக்கும் பேஸ்ட் தடவி மூடினார். நான்கு நாள் வேலை. அதற்கு ஒரு டாலர்கூட வாங்கவில்லை. இரண்டாம் முறை இருபத்தைந்து நிமிடம் ஓடியது, ஃபெண்டர் மேல் வைத்த டார்ச் அசையவில்லை.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். எல்லாம் சேர்த்து 19,600 டாலர். அதில் என்ஜினுக்கு, போர் செய்த கூலி, பிஸ்டன், கேம், கோத்த கூலி உட்பட 7,200. மீதி முழுக்கப் பிரேக், ஆக்சில், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஸ்பிரிங், சைலன்சர், மாட்டுக்கூலி. என்ஜின் விலையை மட்டும் வைத்து வீட்டில் கணக்குச் சொல்லாதீர்கள்.

குறைகளும் உண்டு. மூன்று மாதம் என்றார், ஏழு மாதம் ஆனது. போன் எடுக்க மாட்டார். வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள சனிக்கிழமைகளில் நேரில் போக வேண்டியிருந்தது. கோடை முழுவதும் வண்டி இல்லாமல் கழிந்தது எனக்கு வருத்தம்தான். ஸ்பார்க் பிளக் மாற்றுவதும் இனிச் சுலபமில்லை, புகை வெளியேறும் ஹெடர் குழாய்களுக்கு இடையே கை நுழைவதே சிரமம். கேலனுக்கு எட்டு மைல் கிடைத்தால் நல்ல நாள்.

ஓட்டுவது எப்படி? குதிரைத்திறனை அளக்கும் டைனோவில் ஏற்றவில்லை, எண் சொல்லத் தெரியாது. 307-இல் நெடுஞ்சாலையில் சேரும்போது பெடலைத் தரையோடு அழுத்திக் காத்திருப்பேன். இப்போது பாதி கூட அழுத்துவதில்லை, கியர் மாறியது தெரியாமல் எழுபது வந்துவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம், பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறது. வளைவிலும் மூக்கு இழுக்கவில்லை.

ரேடியேட்டர் விஷயத்தில்தான் நான் அவரோடு வாதாடினேன். புதிதெதற்கு, பழையதே போதாதா என்றேன். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் டிரீம் குரூஸ் நடக்கும். ஃபெர்ன்டேலில் 1995-இல் கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது, இன்று பான்டியாக் வரை பழைய கார்கள் ஊர்ந்து போகும். வேலை முடிந்த அடுத்த ஆண்டு என் ஷெவெலும் போனது. கொளுத்தும் வெயிலில், நடைவேகத்தில், மூன்று மணி நேரம். பக்கத்தில் பானெட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நின்ற வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் வெப்பமானிக்குப் போகும். முள் 195 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவே இல்லை. மறுநாள் பட்டறைக்குப் போய் அதைச் சொன்னேன். ஃபேனைச் சுற்றியுள்ள கூடு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பானெட்டைத் திறந்து அவரே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.