ரெமிங்டனா, கோல்ட் நேவியா? கருமருந்து ரிவால்வரில் எதை வாங்கலாம்

டெக்சாஸுக்கு வேலைக்குப் போயிருக்கும் அக்கா மகன் போன வாரம் சோமனூர் வீட்டுக்குப் போன் செய்தான். "மாமா, கருமருந்து ரிவால்வர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். ரெமிங்டன் வாங்கட்டுங்களா, கோல்ட் நேவிங்களா?" தோட்டா போடாமல், சுழலும் சிலிண்டரின் அறை ஒவ்வொன்றிலும் கருமருந்தையும் குண்டையும் அடைத்துச் சுடுகிற பழைய மாடல் கைத்துப்பாக்கி அது. அங்கே இருந்த நாலு வருடமும் நான் வைத்திருந்தது 1858 ரெமிங்டனின் நகல். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

இரண்டு நகலையும் இத்தாலியில் பியெட்டா, உபெர்ட்டி இரு கம்பெனிகளுமே செய்கின்றன. பியெட்டா விலை கொஞ்சம் கைக்கு அடக்கம். அழகு என்று பார்த்தால் 1851 கோல்ட் நேவிதான். கையில் எடுத்ததும் தானாகக் குறிக்கு நேரே நிற்கும். ரெமிங்டனில் டிரிகர் வளையம் நடுவிரல் கணுவில் இடிக்கும்.

விலை குறைவு என்று பித்தளை பிரேம் நேவி ஒன்றும் கண்ணில் படும். மருந்தை அதிகம் போட்டுச் சுட்டால் பித்தளை நாளடைவில் இழுபட்டுப்போகும். நண்பர் ஒருவருடையதில் இரண்டு தடவை சுட்டதோடு சரி, அதனால் எத்தனை வருடம் தாங்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. நானாக இருந்தால் எஃகுதான்.

அப்புறம், எல்லாவற்றையும் தீர்மானிப்பது கழுவுகிற வேலை. மாரியம்மன் நோம்பியில் வேட்டுப் போட்ட வாசம் அப்படியே மூக்கில் ஏறும். சுடும்போது அது சந்தோஷம். ஆனால் சுட்டபின் உள்ளே படிகிற கரி ஈரத்தை இழுக்கும். இரவு அப்படியே விட்டால் துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். அப்பா விசைத்தறி ஓட்டியவர். பஞ்சைத் துடைத்து எண்ணெய் விடாமல் படுக்கப் போகமாட்டார். அந்தப் பழக்கம் எனக்கு அங்கே கைகொடுத்தது.

ரெமிங்டனில் பேரலுக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கி, சிலிண்டர் சுழலும் ஊசியை முன்னால் இழுத்து, பின்னால் அடிக்கிற சுத்தியான ஹேமரைப் பாதி தூக்கினால் சிலிண்டர் கையில் உருண்டு வந்துவிடும். கருவி எதுவும் வேண்டாம். கோல்ட்டில் பேரலைப் பிடித்திருப்பது ஒரு ஆப்பு. புதிதில் இறுக்கமாக இருக்கும், மரச் சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டும். திரும்ப எவ்வளவு ஆழம் அடிக்கிறோமோ அதைப் பொறுத்து சிலிண்டருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி மாறும். களைத்துப்போய் வந்த ராத்திரியில் இந்த வேலை நன்றாக இராது. கோல்ட்டின் பேரல் தனியாக வருவதால் சோப்பு போட்ட சுடுதண்ணீரில் அதை மட்டும் முக்கிக் கழுவலாம் என்பதும் உண்மை. ரெமிங்டனில் மரப் பிடியைக் கழற்றிவிட்டு பிரேமோடு சேர்த்துத்தான் கழுவினேன். பிறகு நன்றாக உலர்த்தி எண்ணெய் போட வேண்டும்.

களத்தில் கரி படிந்து ரெமிங்டனின் சிலிண்டர் சீக்கிரம் இறுகும். அதன் ஊசி மெல்லியது. மூன்று தடவை சிலிண்டரை நிரப்பிச் சுட்டதும் ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருந்தது. கோல்ட்டில் சிலிண்டர் சுழலும் தண்டு தடிமன், கிரீஸ் நிற்கப் பள்ளமும் உண்டு. ஆனால் அதில், மருந்தைப் பற்றவைக்கிற சிறு தொப்பியான கேப் வெடித்ததும் அதன் துண்டு ஹேமர் சந்துக்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும். எதை வாங்கினாலும் குண்டுக்கு மேலே கிரீஸ் தடவுவதை விடக்கூடாது, இல்லாவிட்டால் பக்கத்து அறைக்கும் தீ தாவிவிடலாம்.

ஊருக்கு வரும்போது கொண்டுவரலாமா என்றும் கேட்டான். 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் இங்கே வைத்திருக்க முடியாது என்றேன். என்னுடையதை அங்கேயே விற்றுவிட்டு வந்தேன். வாங்க வந்தவர் விளக்கடித்துப் பேரலுக்குள் பார்த்தார். பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார்.