எஸ்-10 பிக்கப்பில் எடை குறைக்க: ஃபைபர் பானட்டா, கார்பனா, கழற்றி எறிவதா?

அமெரிக்காவில் டிராக் ரேஸுக்கென்று (நேர் பாதையில் கால் மைலை யார் சீக்கிரம் முடிக்கிறார் என்ற பந்தயம்) பிக்கப் கட்டுபவர்கள் விரும்பி எடுப்பது 1982-ல் வந்த ஷெவ்ரலே எஸ்-10. சின்ன உடம்பு, எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை இறக்க முன்னால் இடமும் உண்டு. 45 கிலோ குறைத்தால் கால் மைலில் 0.1 நொடி மிச்சம் என்று அங்கே ஒரு தோராயக் கணக்கு உண்டு, அதை நம்பி முதல் வேலையாக ஃபைபர்கிளாஸ் பானட்டுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். 0.8 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ, 2.5 மி.மீ. ஃபைபர்கிளாஸ் சுமார் 4 கிலோ. வித்தியாசம் அவ்வளவுதான்! பெரிய மிச்சம் மேல்தோலில் இல்லை, பானட்டுக்கு அடியில் இருக்கும் சட்டம், கீல், லாக் இவற்றைத் தூக்கிப் போடுவதில்தான் இருக்கிறது. அதனால் பழைய கீலிலேயே மாட்டும் ஃபைபர் பானட் வாங்கினால் (அதற்கும் உள்ளே சட்டம் வேண்டும்) பாதிப் பணம் வீண் என்பேன். கீலே இல்லாமல் நாலு மூலையிலும் பூட்டு ஊசி (லாக் பின்) போட்டு முழுசாகத் தூக்கி எடுக்கும் வகைதான் சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் தூக்க இன்னொரு ஆள் வேண்டும், காற்றடித்தால் கையிலிருந்து பறக்கும், தினசரி ஓட்டும் வண்டிக்கு அது தலைவலி.

கார்பன் ஃபைபர்? 1.2 மி.மீ. தோல் சதுர மீட்டருக்கு 2 கிலோகூட வராது, விலையோ பல மடங்கு. ஃபைபர்கிளாஸ் உடைந்தால் ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும் (மேட்) வாங்கி வீட்டிலேயே ஒட்டிவிடலாம், கார்பனில் அந்தச் சௌகரியம் இல்லை. ஃபைபரிலும் வேலை குறைவில்லை, இடைவெளி சரியாக உட்காராது, பட்டி போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தத் தூசி பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். மாஸ்க் போடுங்கள்.

அப்புறம், எங்கே குறைக்கிறோம் என்பதுதான் பிக்கப்பில் பெரிய விஷயம். காலி வண்டியில் பாரமெல்லாம் மூக்கில், உந்துவதோ பின் சக்கரம். உதாரணத்துக்கு 1,300 கிலோ வண்டியில் 42 சதவீத எடை பின் சக்கரங்கள் மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 45 கிலோ எடுத்தால் அது 43.5 ஆகும், அதே 45-ஐப் பின்னால் எடுத்தால் 40-க்கு வந்துவிடும், கிளம்பும்போது டயர் சும்மா சுற்றும். ஆகவே பானட், முன் ஃபெண்டர், பம்பர் ஃபைபரில் போடலாம். பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியின் பக்கத் தகடுகளை ஃபைபரில் மாற்றச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன், குறைந்தபட்சம் முதல் வருடத்தில்.

அதற்கும் முன்னால் அதிகம் செலவில்லாத வழி இருக்கிறது. ஏசியைக் கழற்றுங்கள். ஸ்டெப்னி, பெஞ்ச் சீட் போகட்டும், பேட்டரியைத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். பேட்டரியை நகர்த்தினால் மொத்த எடை குறையாது, ஆனால் மூக்கிலிருந்து பின்னால் போகிறதே, அதுவே லாபம்.

கதவை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பக்கவாட்டில் இடித்தால் இரும்புக் கதவு கொஞ்சமாவது தாங்கும், ஃபைபர் தோல் தாங்காது. கால் மைல் நேரம் 11.49 நொடிக்குக் கீழே போனால், அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய் வளைவு) கேட்கும், 10-க்குள் வந்தால் முழுக் கூண்டே வேண்டும். கூண்டில் பக்கக் குழாய் ஏறிய பிறகு கதவை யோசிக்கலாம்.