386 யூரோ போய்விட்டது: கோர்ட் உத்தரவை மொழிபெயர்க்கக் கொடுப்பவர்கள் படிக்கவும்

இன்று காலைதான் அந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமிருந்து கடைசிப் பதில் வந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

அக்காவும் நானும் ஜெர்மனியில் இருக்கிறோம். அக்காவும் அத்தானும் பிரிந்துவிட்டார்கள், அவர் இப்போது லண்டனில். அங்குள்ள வக்கீலுக்காக, இங்கே குடும்ப நீதிமன்றம் கொடுத்த நான்கு பக்க உத்தரவு ஆங்கிலத்தில் தேவைப்பட்டது. ஆன்லைன் மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றை நான்தான் பிடித்தேன். "குடும்பச் சட்டம் மட்டுமே பார்ப்பவர், கோர்ட்டில் உறுதிமொழி எடுத்தவர், அவர்தான் செய்வார்" என்று சாட்டில் சொன்னார்கள். "குழந்தைகளோடு நீங்கள் படும் பாடு புரிகிறது" என்றும் ஒரு வரி. அந்த வரியைப் படித்து அக்கா கண்கலங்கினாள். 386 யூரோவையும் முன்பணமாகவே கட்டினோம்.

மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பு வந்தது. வட்ட முத்திரை பளிச்சென்று இருந்தது. மொழிபெயர்த்தவர் பெயரில்லை, கையெழுத்தில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உத்தரவில் 'ஏஹெவோனுங்' என்று ஒரு ஜெர்மன் சொல் வருகிறது; கணவனும் மனைவியும் சேர்ந்து குடியிருந்த வீடு என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'மேட்ரிமோனியல் ஹோம்'. இவர்கள் போட்டிருப்பது 'ஹேபிச்சுவல் ரெசிடென்ஸ்', அதாவது வழக்கமாக வசிக்கும் இடம். அது எந்த நாட்டுக் கோர்ட் வழக்கை எடுக்கலாம் என்று பார்க்கும்போது வருகிற சொல். இன்னும் மோசம் ஒன்று உண்டு. பிரிந்திருக்கும் காலத்தில் அக்கா மட்டும் அந்த வீட்டில் இருக்கலாம் என்பதுதான் உத்தரவு, ஜெர்மன் சிவில் சட்டம் 1361பி பிரிவின்படி. குடியிருக்கும் உரிமை, அவ்வளவுதான். இவர்கள் எழுதியதில் வீடே அக்காவுக்கு 'டிரான்ஸ்ஃபர்' ஆகிவிட்டது! "அப்போ வீடு உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா?" என்று லண்டன் வக்கீல் போனில் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

புகார் செய்தோம். "சொல்தேர்வு மொழிபெயர்ப்பாளரின் விருப்பம்" என்றார்கள். அப்புறம் வேறொருவர், எந்த வரி என்று குறித்து அனுப்பச் சொன்னார். குறித்து அனுப்பினேன், ஒன்பது நாள் சத்தமே இல்லை. போன் செய்தால் பாட்டுதான் ஓடுகிறது. இன்று காலை, திருத்தம் கேட்கும் கெடு முடிந்துவிட்டது, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்கிறார்கள். 386 யூரோவைத் தின்றுவிட்டு அடுத்த ஆர்டரா?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பெயர் போட்டுக் கையெழுத்திடுபவரிடம் மட்டும் கொடுங்கள். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியலை ஜெர்மன் நீதித்துறையே இணையத்தில் வைத்திருக்கிறது, அதில் தேடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். 'ஏஹெவோனுங்' என்பதை எப்படி எழுதுவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் சரியான பிரதி லண்டன் போக வேண்டும். அக்காவிடம் மறுபடியும் பணம் கேட்க வேண்டும்.