ஏ4 பிரிண்டரில் ஆறடி போர்டு: பக்க ஒட்டு தங்கம், அடி ஒட்டு தலைவலி

வீட்டு இங்க் டேங்க் பிரிண்டரை வாங்கியது பிள்ளைகளின் பள்ளி வேலைக்காக. ஆனால் அது அதிகம் உழைத்திருப்பது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத்தான். கண் பரிசோதனை முகாம், சித்திரையில் தண்ணீர்ப் பந்தல், மார்கழியில் கோலப்போட்டி என்று எது வந்தாலும் தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி எழுத்து வேண்டும். அத்தனையும் இந்தப் பெட்டியிலிருந்து ஏ4 தாள்களாக வந்து, எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில் ஒட்டப்பட்டவை. போன வாரம் வேஸ்ட் இங்க் பேட், அதாவது வீணாகும் மையை உறிஞ்சும் பஞ்சு, நிரம்பிவிட்டது என்று மெஷின் அடம்பிடித்து நின்றது. சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தேன். அதே வாரம் பள்ளி ஆசிரியரான நண்பர் ஒருவர், "ஆண்டு விழாவுக்குப் பெரிய எழுத்து வேணும், நாங்களும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மை ஊற்றுவது, வைஃபை, ஸ்கேனர் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, விட்டுவிடலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. பிடிஎஃப்பில் எழுத்து எழுத்தாகவே இருந்தால், அதாவது படமாக மாற்றப்படாமல் இருந்தால், எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பு கத்தி வெட்டியது போல நிற்கும். ஃப்ளெக்ஸ் பேனரைக் கிட்டே போய்ப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அது தூரத்துக்காகச் செய்யப்பட்டது, குறை சொல்லக்கூடாது. ஆனால் வரவேற்பு மேசைக்குப் பின்னால், ஆள் நின்று கை நீட்டித் தொடுகிற தூரத்தில் வைக்கும் பலகைக்கு வீட்டு அச்சுதான் அழகு. அதைவிடப் பெரிய வசதி, ராத்திரி பத்து மணிக்கு "டாக்டர் ஒன்பது மணிக்கு இல்ல, பத்து மணிக்குத்தான் வர்றாராம்" என்று செய்தி வந்தால், அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அச்சடித்து மாற்றிவிடலாம். ஃப்ளெக்ஸில் ஒரு எழுத்து தப்பானால் மொத்தத் துணியும் வீண். அது போய்ச் சேரும் இடம் யாராவது ஒருவர் வீட்டு ஆட்டுக்கொட்டகைக் கூரை.

வழிமுறை எளிது. பிடிஎஃப் திறக்கும் அக்ரோபேட் ரீடரில் பிரிண்ட் கொடுக்கும் பெட்டியில் 'போஸ்டர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எத்தனை சதவீதம், ஓவர்லேப் (பக்கத்துத் தாளிலும் திரும்ப அச்சாகும் ஓரப் பகுதி) எவ்வளவு, வெட்டுக்குறி வேண்டுமா என்று கேட்கும். சில கம்பெனிகளின் டிரைவரிலேயே, அதாவது பிரிண்டரோடு வரும் மென்பொருளிலேயே, 2×2, 3×3 போஸ்டர் வசதி உண்டு. ஆனால் ரீடரில்தான் பிடி நம் கையில் இருக்கும். ஓவர்லேப் என்ற இடத்தில் கட்டாயம் 10 மில்லிமீட்டர் போடுங்கள். அங்கே முன்பே இருக்கும் எண்ணை நம்பினால் ஒட்டுவதற்கு இடமே மிஞ்சாது.

இங்கே ஒரு கணக்கு பலருக்கும் பிடிபடுவதில்லை. ஏ4 தாளை 200 சதவீதம் பெரிதாக்கினால் ஏ2; அதற்கு நான்கு ஏ4 போதும் என்றுதான் புத்தி சொல்லும். ரீடரோ ஒன்பது தாள் கேட்கும். காரணம், என் பிரிண்டர் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ஓரத்தில் அச்சடிக்காது. 210×297 தாளில் உண்மையாகக் கிடைப்பது 204×291. ஓவர்லேப் 10 போனால் இரண்டு தாள் சேர்ந்து 398 மில்லிமீட்டர் அகலம்தான் தாங்கும், நமக்கு வேண்டியது 420. உயரத்திலும் அதே கதை: தாங்குவது 572, வேண்டியது 594. மிச்சத்துக்கு அது பக்கவாட்டிலும் கீழேயும் இன்னொரு வரிசை தாளை இழுத்துக்கொள்கிறது, அதில் பெரும்பகுதி வெறுமை. 189 சதவீதம் என்று போட்டால் நான்கே தாளில் அடங்கும். ஒன்பது தாள் போகட்டும் என்றால் 280 வரை போகலாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் இந்த மெஷினுக்கும் தீராத சண்டை ஒன்றே ஒன்றுதான்: மேல் தாளின் அடியும் கீழ் தாளின் தலையும் சேரும் இடம்.

பக்கவாட்டில் இரண்டு தாளை ஒட்டினால் மெஷின் தப்பே செய்வதில்லை. மை தெளிக்கும் ஹெட் இடமும் வலமும் ஓடும் தூரத்தை உள்ளே இருக்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் பட்டையைப் படித்துத்தான் அது அளக்கிறது. அதனால் அகல வாக்கில் அளவு பிசகாது. நீள வாக்கில் கதை வேறு. தாளை இழுப்பது உருளை. உருளை கொஞ்சம் தேய்ந்தாலோ, தாள் கொஞ்சம் வழுக்கினாலோ ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு மயிரிழை குறையும். அப்புறம் தாளின் கடைசி சில சென்டிமீட்டர் இருக்கிறதே, அது இன்னும் மோசம். தாளின் வால் பின்னால் இருக்கும் உருளையை விட்டு வெளியே வந்துவிட்டபின் முன்பக்கத்துச் சின்னப் பல்சக்கரங்கள் மட்டும்தான் அதைப் பிடித்திருக்கும். அந்த இடத்தில் இழுப்பு மாறும், மெல்லிய கோடு விழும், தாள் கொஞ்சம் சாயவும் செய்யும். ஒரு தாளில் கடிதம் அச்சடிப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. போஸ்டர் ஒட்டுபவருக்கு அந்த வால்தான் சரியாக எழுத்தின் நடுவில் வந்து உட்காரும்.

யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். 200 மில்லிமீட்டருக்கு ஒரு சதுரம் வரைந்து, 'ஆக்சுவல் சைஸ்' என்று தேர்ந்தெடுத்து அச்சடித்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். என்னுடையதில் குறுக்கே 200 அச்சாக இருக்கும், நெடுக்கே அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. ஒரு தாளுக்கு அரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஆனால் பக்கத்து வரிசையில் கொஞ்சம் ஈரம் உறிஞ்சிய தாள் வேறு மாதிரி இழுக்கப்பட்டிருக்கும். மூன்று வரிசை கீழே வருவதற்குள் 'ழ'வின் வால் ஒரு தாளில் ஒரு மாதிரியும் அடுத்த தாளில் வேறு மாதிரியும் முறிந்து நிற்கும். தமிழ் எழுத்தில் நேர்கோடு குறைவு, சுழி அதிகம். ண, ன, ழ எல்லாம் கொஞ்சம் பிசகினாலும் கண்ணை உறுத்தும். அழகான எழுத்து அப்படி முறிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பேட் மாற்றக் கொடுத்தபோது இதையும் பார்க்கச் சொல்லி அச்சடித்த சதுரத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். அந்தத் தம்பி பொறுமையாக அளந்து பார்த்துவிட்டு, "இது கம்ப்ளெயின்ட் கணக்குல வராது சார், லிமிட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. 200-க்கு அரை என்றால் கால் சதவீதம்தான். இந்த விலைக்கு விற்கும் மெஷினில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

இதற்கு ஓரமில்லா அச்சுதான் மருந்து என்று சிலர் சொல்வார்கள். இல்லை. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் போட்டோ அளவுத் தாளுக்கு மட்டும்தான் அந்த வசதி. ஏ4-க்கே இருக்கும் மாடலிலும், ஓரம் விடாமல் இருப்பதற்காக டிரைவர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழியவிடும். அளவு மாறிவிடும், ஒட்டு சேரவே சேராது. வெளியே வழிகிற மை போய் விழுவதும் தாளுக்கு அடியில் இருக்கும் பஞ்சில்தான். வெள்ளை ஓரம் இருக்கட்டும். ஒரு தாளில் மட்டும் அதை வெட்டினால், அடுத்த தாளின் ஓரம் பசை தடவ இடமாகிறது.

நான் கண்டுகொண்ட வழி, மேலும் கீழுமான ஒட்டையே ஒழித்துவிடுவது. ஏ4 தாள்களை நெட்டாக நிறுத்திப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் உயரம் 28 சென்டிமீட்டர், நீளம் எவ்வளவு வேண்டுமானாலும். ஆறடி போர்டுக்குப் பத்துத் தாள். இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் டிரா போன்ற இலவச வரைகலை மென்பொருளில் 1830×280 மில்லிமீட்டருக்குப் பக்கம் அமைத்து, பிடிஎஃப் எடுத்து, ரீடரில் 100 சதவீதம், போர்ட்ரெய்ட் என்று கொடுத்தால் ஒரே வரிசையாக வரும். தாளும் மையும் சேர்த்து இரண்டு டீக்காசுக்கு மேல் ஆகாது. தண்ணீர்ப் பந்தலில் வைத்த போர்டை எதிர்க்கடைக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, எந்தப் பிரஸ் என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்துக்கு விலை கிடையாது.

ஒட்டும் விதமும் முக்கியம். தாள் காயாமல் வெட்டாதீர்கள். மை பட்ட தாள் விரியும், அதுவும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகம் விரியும். அடர்ந்த நிறம் அடித்த தாளும் வெற்றுத் தாளும் ஒரே அளவில் இருக்காது. அதனால்தான் பின்னணியில் நிறம் நிரப்ப வேண்டாம், வெள்ளையில் கறுப்பு எழுத்து போதும் என்று எல்லாரிடமும் மன்றாடுகிறேன். ஐப்பசி மழையில் ரீமைப் பிரித்துப் போட்டால் தாள் நமுத்து, இழுப்பு இன்னும் கெடும். இரண்டு தாளையும் குறி பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஸ்டீல் ஸ்கேலை அழுத்தி, கட்டரால் இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பாக வெட்ட வேண்டும். வெட்டிய இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். பின்பக்கம் டேப். ஓரத்தில் பசை தடவி ஒட்டுவதாக இருந்தால் தண்ணீர்ப் பதமான பசை வேண்டாம், தாள் சுருங்கும். க்ளூ ஸ்டிக் நல்லது. சினிமா போஸ்டரும் பல சீட் ஒட்டுதான். ஆனால் அவர்கள் சுவரில் மைதாப் பசை மேல் தாளை நகர்த்தி நகர்த்திச் சேர்க்கிறார்கள், மழையில் கரையாத அச்சு மையில் அடித்த தாள் அது. நம் தாளுக்கு அந்த வித்தை உதவாது.

இரண்டு வரிசை தேவைப்படும் அளவுக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்றால், ஒரு தாளுக்கு ஓர் எழுத்து. தமிழுக்கு இது அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் 'கொ'வில் கொம்பு தனியாக, க தனியாக, கால் தனியாக நிற்கிறது. மூன்றையும் மூன்று தாளில் பிரிக்கலாம். ஆனால் கொம்பை மட்டும் தனியாகத் தட்டச்சு செய்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். முழு எழுத்தையும் அடித்து, இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து உருவமாக மாற்றியபின் பிரித்தெடுக்க வேண்டும். எழுத்துருவில் ரொம்பத் தடித்தது வேண்டாம். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது ஆங்கிலப் பலகைகளுக்குச் சொல்லும் கணக்கு. தமிழில் சுழிக்குள் இருக்கும் இடைவெளி அடைபட்டாலோ, மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலோ தூரத்தில் படிக்க முடியாது. நான் அதைவிட இரண்டு மடங்கு உயரம் வைக்கிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் இரண்டிலும் பல தடிமன் கிடைக்கும். நடுத்தரம் எடுத்தால் புள்ளி பளிச்சென்று தெரியும்.

வெளியில் வைக்கலாமா என்றால், நிழலில் வைக்கலாம். இங்க் டேங்க் பிரிண்டர்களின் கலர் மை பெரும்பாலும் நீரில் கரையும் சாயம். தூறல் பட்டால் ஓடும், வெயிலில் சிவப்பு வெளுத்துவிடும். சில மாடல்களில் கறுப்பு மட்டும் நிறமி மை, அதாவது கரையாத நுண்துகள் கொண்ட மை, அது தண்ணீருக்கு ஓரளவு தாங்கும். லேசர் பிரிண்டரில் டோனர் என்ற மைத்தூள் உருகித் தாளோடு பிடித்துக்கொள்வதால் நனைந்தாலும் எழுத்து ஓடாது.

ஆக, நண்பருக்கு நான் சொன்ன பதில்: இதற்காக இங்க் டேங்க் பிரிண்டர் வாங்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். பள்ளிக்கு வேண்டியது கறுப்பு எழுத்து, அதற்குக் கறுப்பு வெள்ளை லேசர் போதும். வருஷம் பூராவும் கேள்வித்தாளும் அடிக்கலாம். மேடைக்குப் பின்னால் தொங்கும் பெரிய பேனரைக் கடையில் கொடுத்துவிடுங்கள். மற்ற ஒரு வரிசைப் பலகைகளுக்குப் பிடிஎஃப்பை அனுப்புங்கள், நானே அடித்துத் தருகிறேன்.

கம்பெனிக்காரர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான் இருக்கிறது. அகலத் தாள் அடிக்கும் பெரிய மெஷின்களில், தாள் இழுப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து அதைத் திருத்த ஓர் அமைப்பு இருக்கிறது. பயன்படுத்துபவரே ஓர் எண்ணைக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். வீட்டு மெஷினின் டிரைவரிலும் அந்த ஒரு கட்டத்தைத் திறந்து விடுங்கள். புது உருளை வேண்டாம், விலையும் ஏறாது. இப்போதைக்குப் பக்கத்தின் உயரத்தை 100.3 சதவீதம் ஆக்கி நான் கையால் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறேன். தாள் கட்டு மாறினால் அந்த எண்ணும் மாறிவிடுகிறது, மறுபடி சதுரம் அடித்து அளக்க வேண்டியிருக்கிறது.